படுக்கைப் புண் வராமல் தடுப்பது: வார்டில் துணைக்கு இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து வார்டுகளில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, வேதாரண்யம், பாபநாசம் என்று எங்கிருந்து வந்தாலும், படுத்த படுக்கையாக இருக்கிற நோயாளியோடு ஒருவர் துணைக்கு வந்து கட்டிலடியில் பாய் விரித்துக்கொள்வார். மகள், மருமகள், சில சமயம் பக்கத்து வீட்டு அக்கா. ஒரு வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பது உங்களுக்கே தெரியும். அதனால் படுக்கைப் புண்ணைத் தடுப்பதில் பாதி வேலை இவர்கள் கையில்தான் இருக்கிறது. இவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளைக் கேட்டபடியே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

சிஸ்டர், படுக்கைப் புண்ணுன்னா என்ன? வேர்க்குரு மாதிரி சூட்டுல வர்றதா?

இல்லை. சூடும் வியர்வையும் அதை மோசமாக்கும், ஆனால் காரணம் அழுத்தம். எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதையும் தோலும் மாட்டிக்கொள்கின்றன. பி.பி. பார்த்து 120 என்று சொல்கிறோமே, அது பெரிய ரத்தக் குழாயின் கணக்கு. தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய குழாய்களில் அழுத்தம் 32 மி.மீ. பாதரசம் அளவுதான். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் விழுந்தால் அந்தக் குழாய்கள் சுலபமாக மூடிக்கொள்ளும். ரத்தம் போகாத சதை சாகிறது.

நமக்கெல்லாம் ஏன் வருவதில்லை என்றால், தூக்கத்திலும் உடம்பு உறுத்தினால் நாமே புரண்டுவிடுகிறோம். உறுத்துவது தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் புரள முடியாதவர்களுக்கும்தான் இது வருகிறது.

எந்த எடத்துல வரும்?

மல்லாந்து படுத்திருந்தால் வால் எலும்புப் பகுதி, குதிகால், தோள்பட்டை எலும்பு, முழங்கை, பின்மண்டை. ஒருக்களித்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசும் இடம், கணுக்கால், காது. உட்கார்ந்திருந்தால் பிட்டத்தின் அடி எலும்புகள். வால் எலும்பும் குதிகாலும்தான் அதிகம் மாட்டும்.

எலும்பே இல்லாத இடத்திலும் வரலாம். ஆக்சிஜன் மாஸ்க் பதியும் மூக்குத் தண்டு, அதன் நாடா உரசும் காது மடல், மூக்குக் குழாய் ஒட்டியிருக்கும் நாசி ஓரம், தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்ட மூத்திரக் குழாய் என்று பட்டியல் நீளும். நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் சிலதைச் சேர்க்க வேண்டும். அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து இடுப்புக்கு அடியில் போய்விடும். தாலிக்கொடியில் கோத்த ஊக்கு தோளுக்குக் கீழே சிக்கும். கொண்டைக்குள் இருக்கும் ஹேர்பின் பின்மண்டையில் குத்தும். எதையும் அறுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் முன்பக்கம் இழுத்து விடுங்கள். கூந்தலை மேலே தூக்கியோ பக்கவாட்டிலோ தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

அப்பா அட்மிட் ஆகி ரெண்டு நாள்தானே ஆச்சு, அதுக்குள்ள வருமா?

வரும். நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்கு. சில மணி நேரம் ஒரே இடத்தில் விடாமல் அழுந்தினாலே போதும். நீண்ட ஆபரேஷன் முடிந்து மேசையிலிருந்து இறங்கும்போதே தோலில் அடையாளம் இருப்பதைப் பார்க்கலாம். பக்கவாதம், முதுகுத் தண்டு அடி, இடுப்பு எலும்பு முறிவு, மயக்க நிலை, ரத்த சோகை, சர்க்கரை, உடம்பு வற்றிப்போன முதுமை, எந்நேரமும் ஈரம் ஆகியவற்றில் இரண்டு மூன்று ஒன்று சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். வயலில் விழுந்து நெடுநேரம் கிடந்த பிறகு கொண்டுவந்தவர்கள் என்றால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குக் கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

கேஸ் ஷீட்டுல பிரேடன் 13-னு எழுதியிருந்துச்சு, அது என்ன?

படுக்கைப் புண் வரும் அபாயத்துக்குப் போடும் மார்க். 1987-ல் அமெரிக்க நர்ஸுகள் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் கொண்டுவந்தது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயத்துக்கு மார்க் போட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் 6-லிருந்து 23 வரை. இதில் மார்க் குறையக் குறையத்தான் ஆபத்து. 18-க்கோ அதற்குக் கீழேயோ வந்தாலே கவனிக்கணும். 13 என்றால் நடுத்தர அபாயம், 12-ம் அதற்குக் கீழும் அதிக அபாயம். எந்த விஷயத்தில் மார்க் குறைந்தது என்று நர்ஸிடம் கேளுங்கள். நீங்கள் எதில் உதவ முடியும் என்பது அதில் தெரிந்துவிடும்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பச் சொல்றாங்க. ராத்திரியிலயுமா?

ராத்திரியிலும்தான். ஒன்பது மணிக்குப் படுக்கவைத்து ஐந்து மணிக்குக் காபி வாங்கப் போகும்போது பார்த்தால், எட்டு மணி நேரம் ஒரே இடம் அழுந்தியிருக்கும். பகலெல்லாம் ஒழுங்காகத் திருப்பியதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

இரண்டு மணி நேரம் என்பது ஆஸ்பத்திரிகளில் இருக்கும் சாதாரண ரெக்ஸின் மெத்தைக்கான கணக்கு. அழுத்தத்தைப் பரப்பும் நல்ல ஃபோம் மெத்தையாக இருந்து, தோலிலும் மாற்றம் எதுவும் இல்லை என்றால் மூன்று நான்கு மணி நேரம் வரை தள்ளலாம். அதை வார்டில் கேட்டு முடிவு செய்யுங்கள், நீங்களாகத் தள்ள வேண்டாம். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. இடது, மல்லாக்க, வலது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் நேரத்தோடு குறித்துக் கட்டிலில் ஒட்டிவிட்டால், அடுத்து துணைக்கு வருபவர் உங்களை எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை.

நான் ஒருத்திதான் இருக்கேன், அவரு எண்பது கிலோ. எப்படித் திருப்புறது?

ஒரு நாலு முழப் பருத்தி வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பழசாக, மெத்தென்று இருந்தால் ரொம்ப நல்லது. இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை அவருக்கு அடியில் குறுக்கே விரித்துவிடுங்கள். எங்கள் வார்டில் இதற்கு டிரா ஷீட் என்று பெயர். ஆளைப் பிடித்து இழுக்காமல், வேட்டியின் ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்துத் தூக்குங்கள். கையையோ அக்குளையோ பிடித்து இழுத்தால் தோல் மெத்தையில் தேய்ந்து உள்ளே கிழியும். இழுப்பும் அழுத்தத்தைப் போலவே கெடுதல்தான்.

இடது பக்கம் திருப்ப வேண்டும் என்றால், முதலில் வேட்டியோடு சேர்த்து அவரைக் கட்டிலின் வலது ஓரத்துக்கு நகர்த்துங்கள். நகர்த்துவதற்கு மட்டும் பக்கத்துக் கட்டில் ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. அடுத்து அவரது வலது முழங்காலை மடித்து, வலது கையை மார்பின் மேல் வையுங்கள். கட்டிலின் இடது பக்கம் வந்து நின்று, அவரது வலது தோளையும் வலது இடுப்பையும் பிடித்து உங்களை நோக்கி உருட்டுங்கள். மடித்த முழங்கால் பாதி வேலையைச் செய்துவிடும்.

முழுசாக ஒருக்களிக்க வேண்டாம், பாரமெல்லாம் இடுப்புப் பக்கவாட்டு எலும்பில் இறங்கிவிடும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து, 30 டிகிரி அளவுக்குச் சாய்ந்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. கடைசியில் உங்கள் உள்ளங்கையை வால் எலும்புக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் அழுந்தாமல் இருந்தால் சரியாகத் திருப்பியிருக்கிறீர்கள். கழுத்து, முதுகுத் தண்டில் அடிபட்டவர்களுக்கு இந்த முறை கிடையவே கிடையாது. அவர்களைத் தலை, உடம்பு, கால் ஒரே கோட்டில் இருக்க மூன்று நான்கு பேர் சேர்ந்து உருட்ட வேண்டும். ஊழியர்கள் இல்லாமல் தொடாதீர்கள்.

சாய்ச்சு உக்கார வச்சுட்டா முதுகுக்கு நல்லதுதானே?

கட்டிலின் தலைப்பக்கத்தை ரொம்ப உயர்த்தினால் ஆள் மெல்ல மெல்லக் கீழே வழுக்குவார். தோல் மெத்தையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே எலும்பு மட்டும் இறங்கும். வால் எலும்புப் புண்ணில் பல இப்படி வந்தவைதான். சாப்பாட்டு நேரம் தவிர 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். குழாய் வழியே உணவு கொடுப்பவர்களுக்குப் புரையேறாமல் இருக்க, கொடுக்கும்போதும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வரையும் உயர்த்தி வைத்துவிட்டு, அப்புறம் இறக்குங்கள். உயர்த்துவதற்கு முன்னால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் வழுக்கல் குறையும்.

நாற்காலியில் உட்காரவைப்பது நல்லதுதான், ஆனால் ஒரேயடியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தானாக அசைய முடிந்தவர் என்றால் கால் மணிக்கு ஒரு முறை இப்படியும் அப்படியும் சாயச் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்காமல், கெட்டியான ஃபோம் மெத்தை ஒன்று போடுங்கள்.

சிவந்திருக்கான்னு பாக்கச் சொல்றீங்க. எங்கம்மா நல்ல கறுப்பு, எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. புத்தகப் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நிறம் வெளுத்த தோலில், சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அதுதான் முதல் நிலைப் படுக்கைப் புண். தோல் உடையவில்லையே என்று விட்டுவிடக் கூடாது.

கறுத்த தோலில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா? விரலுக்குக் கட்டியாகவோ பொதபொதவென்றோ தட்டுப்படுகிறதா? தொட்டால் முகம் சுளிக்கிறார்களா? சுற்றியுள்ள நிறத்தைவிட அந்த இடம் மட்டும் கருநீலமாக, பளபளப்பாக இருக்கிறதா? வார்டு டியூப்லைட்டை நம்பாமல் பகல் வெளிச்சத்திலோ செல்போன் டார்ச்சிலோ பாருங்கள். நாளுக்கு இரண்டு முறை, உடம்பு துடைக்கும்போது பார்த்துவிட்டால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

அப்படித் தெரிஞ்சா தேங்காயெண்ணெய் வச்சு நல்லா உருவி விடலாமா?

வேண்டாம். ஏற்கெனவே நசுங்கிய ரத்தக் குழாய்களை உருவினால் இன்னும் கிழியும். அந்த இடத்தின் மேல் படுக்கவைக்காமல் இருப்பதுதான் மருந்து. சில மணி நேரத்தில் நிறம் திரும்பாவிட்டால் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

புண் இல்லாத, வறண்ட தோலில் தேங்காயெண்ணெயைத் தேய்க்காமல் லேசாகத் தடவலாம். ஸ்பிரிட், டெட்டால், மஞ்சள் பூச்சு எதுவும் வேண்டாம். பவுடர் வியர்வையோடு சேர்ந்து உருண்டை பிடித்து உரசும். முதுகெல்லாம் பவுடர் கொட்டி வெள்ளை வெளேர் என்று இருக்கும் நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். பார்க்க வருகிறவர்களுக்குச் சுத்தமாகத் தெரியும், தோலுக்கு ஒரு லாபமும் இல்லை.

வாழை இலையில படுக்க வச்சா புண்ணே வராதாம், திருவையாத்துலேருந்து கட்டுக்கட்டா கொண்டாந்துட்டோம்.

இலை வழவழப்பாக இருப்பதால் உரசல் குறையும், ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். தீக்காயத்துக்கு வாழை இலையைக் கட்டாகப் பயன்படுத்தியதும் உண்டு. அதனால் இந்தப் பழக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் இலை அழுத்தத்தைக் குறைக்காது. மேலே சொன்ன 32 கணக்கு இலை மேல் படுத்தாலும் அதேதான். வியர்வை வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கும். நடுநரம்பு தடியாக இருந்தால் அதுவே முதுகில் தடம் பதிக்கும். இலையை நம்பித் திருப்புவதை விட்டுவிடுவதுதான் இதில் பெரிய கெடுதல். கொண்டுவந்த இலையில் சாப்பிடுங்கள்.

காத்து மெத்தை வாங்கிட்டோம். இனிமே திருப்ப வேணாமில்ல?

திருப்ப வேண்டும். மெத்தைக்குள் இருக்கும் காற்று அறைகள் மாறி மாறி ஊதி இறங்குவதால் அழுத்தம் இடம் மாறும், அவ்வளவுதான். குதிகாலுக்கு அது பெரும்பாலும் போதாது.

வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியம், மெத்தை வழுக்குகிறது என்று அதன் மேல் ஒரு கம்பளி, ஒரு ரப்பர் ஷீட், அதற்கும் மேல் மடித்த சேலை போடுவது. அதோடு காற்று மெத்தையின் பயன் போய்விடும். தளர்வாக ஒரே ஒரு விரிப்பு போதும். பம்பில் எடைக்கு ஏற்ற திருகு இருக்கும், அவர் எடைக்கு வையுங்கள். பிறகு மெத்தைக்கு அடியில், வால் எலும்புக்கு நேராகக் கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. விரிப்பை ஊக்கு குத்திப் பொருத்தாதீர்கள்.

கரண்ட் போனால் பம்ப் நிற்கும். சித்திரை வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இது நடக்கிற காரியம்தான். பல மெத்தைகளில் குழாயை மடித்துவைத்தால் காற்று கொஞ்ச நேரம் தங்கும், ஆனால் மாறி மாறி ஊதுவது நின்றுபோகும். கரண்ட் வரும்வரை அதைச் சாதாரண மெத்தை என்று வைத்துக்கொண்டு திருப்புங்கள்.

குதிகாலுக்குக் கையுறையில தண்ணி ஊத்தி வைக்கிறாங்களே, வால் எலும்புக்கு ரிங் ட்யூப் வைக்கிறாங்களே?

இரண்டும் பழைய பழக்கம், இரண்டையும் விட்டுவிடலாம். ரிங் ட்யூப்பின் நடு ஓட்டையில் அழுத்தம் இருக்காது, ஆனால் விளிம்பைச் சுற்றி அழுந்துவதால் நடுவில் இருக்கும் தோலுக்கு ரத்தமே போகாது. தண்ணீர்க் கையுறை குதிகாலுக்கு அடியில் நிற்காமல் நழுவும், சிறிய இடத்திலேயே பாரத்தை வைக்கும்.

கெண்டைக்கால் நீளத்துக்கு ஒரு தலையணை வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு காகிதம் தடையில்லாமல் போய்வர வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். இலவம்பஞ்சுத் தலையணை கட்டி தட்டியிருந்தால் உதறிச் சமமாக்கிவிட்டு வையுங்கள்.

டயப்பர் போட்டுட்டா ஈரம் படாதுல்ல?

நனைந்த டயப்பரை மாற்றும்வரை ஈரம் தோலோடுதான் இருக்கிறது. மிச்சம் பிடிக்க ஒன்றை நாள் முழுக்க வைத்திருப்பதும், ஒழுகக்கூடாது என்று இரண்டு போடுவதும் கூடாது. படுத்திருக்கும்போது இறுக்கி ஒட்டாமல் திறந்து விரித்து வைக்கலாம். மாற்றும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அதன்பின் துத்தநாக ஆக்ஸைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிசாகப் பூசினால் ஈரம் தோலைத் தொடாது. மழைக் காலத்தில் துணி சரியாகக் காயாது. ஈரவாடை அடிக்கும் விரிப்பை, காய்ந்துவிட்டது என்று சொல்லிப் போடாதீர்கள்.

கஞ்சிதான் எறங்குது. முட்டை குடுத்தா சீழ் வைக்கும்னு மாமியார் சொல்றாங்க.

முட்டையால் சீழ் வைக்காது. கிருமியால்தான் சீழ் வைக்கும். தோல் தாங்குவதற்குப் புரதம் வேண்டும். அபாயம் இருப்பவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.25-லிருந்து 1.5 கிராம் வரை. 50 கிலோ ஆளுக்கு 62-லிருந்து 75 கிராம் வரை வரும். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் இருப்பது இரண்டு மூன்று கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு. கஞ்சிதான் இறங்கும் என்றால் அதிலேயே பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேருங்கள், பால் ஊற்றுங்கள், முள் எடுத்த மீனை மசித்துக் கொடுங்கள். சைவம் என்றால் பருப்பு, தயிர், பனீர், வேர்க்கடலை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவுதான். சர்க்கரை ஏறிவிடும் என்று பயந்துகொண்டு சர்க்கரைக்காரர்களுக்குச் சாப்பாட்டையே குறைத்துவிடாதீர்கள், சர்க்கரையை மருந்தால் கட்டுப்படுத்திக்கொள்ளலாம்.

பக்கவாதம் வந்த பக்கமா படுக்க வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் உணர்வு குறைவு, உறுத்தினாலும் அவருக்குத் தெரியாது. அதனால் மற்ற பக்கத்தைவிடக் குறைந்த நேரம் வையுங்கள். அடியில் இருக்கும் தோளை லேசாக முன்னால் கொண்டுவந்து வையுங்கள், ஆனால் செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மூட்டு இறங்கிவிடும்.

இடுப்பு எலும்பு முறிஞ்சு கால்ல எடை கட்டியிருக்காங்க. திருப்பவே கூடாதாம். அப்ப என்ன பண்றது?

திருப்பக்கூடாது என்பதற்கு அசைக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. கட்டிலுக்கு மேலே கைப்பிடி தொங்கினால் அதைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி, பிட்டத்தைச் சில விநாடி தூக்கச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு இரண்டு மூன்று முறை. தூக்கும்போது உங்கள் கையை அடியில் விட்டு விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடுங்கள். பலர் மறக்கும் ஒன்று, ஊன்றி ஊன்றி நல்ல காலின் குதிகாலில் புண் வரும். அதையும் பாருங்கள். மாவுக்கட்டுக்குள் எரிச்சல், நாற்றம், கட்டின் மேல் ஈரக் கறை எது தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள். ஆபரேஷன் சீக்கிரம் நடந்தால் இந்தப் பிரச்சினையும் சீக்கிரம் தீரும். தேதி தள்ளிப்போனால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

தோல் கிழியல, ஆனா நீலம் பாரிச்ச மாதிரி இருக்கு. வெறும் ரத்தக்கட்டுதானே?

எலும்பின் மேல் ஊதாவாகவோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால் ஆழத்தில் சதை செத்திருக்கலாம். மேல்தோல் முழுசாக இருக்கும், சில நாளில் திடீரென்று உடைந்து எலும்புவரை ஆழம் தெரியும். முதல் நிலையைவிட இது ஆபத்து. ஐஸ் வைக்காமல், களிம்பு போடாமல், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐசியுல உள்ள விட மாட்டேங்கறாங்க. அங்க புண் வந்துச்சுன்னா ஆஸ்பத்திரி தப்புதானே?

சில சமயம் ஆம், சில சமயம் இல்லை. பெரும்பாலான படுக்கைப் புண்களைத் தடுக்க முடியும், எல்லாவற்றையும் முடியாது. பி.பி. விழுந்து, அதை ஏற்ற மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை அனுப்பிவிட்டுத் தோலைக் கைவிட்டுவிடும். கொஞ்சம் திருப்பினாலே பி.பி. இறங்குகிறவர்களும் உண்டு.

உள்ளே விடாவிட்டாலும் கேட்க உரிமை உண்டு. பார்க்கும் நேரத்தில் இந்த மூன்றைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது திருப்பினீர்கள், வால் எலும்பும் குதிகாலும் எப்படி இருக்கின்றன, என்ன மெத்தை போட்டிருக்கிறீர்கள். சண்டை தொனி வேண்டாம். தினமும் அதே மூன்றைக் கேட்கும் வீட்டார் இருக்கிற நோயாளியை நாங்கள் மறப்பதில்லை, இது உள்ளே இருந்து சொல்கிறேன். வார்டுக்கு மாற்றும் நாளில் நர்ஸோடு சேர்ந்து தலை முதல் கால் வரை ஒரு முறை பாருங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போறோம். யாரைக் கேக்குறது?

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். கிளம்பும் முன் வார்டில் நர்ஸ் பார்க்க நீங்களே ஒரு முறை திருப்பிக் காட்டுங்கள், பிழை இருந்தால் அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். வீட்டில் கயிற்றுக் கட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். நடுவில் குழி விழுந்து உடம்பின் பாரமெல்லாம் இடுப்பில்தான் இறங்கும்.

அம்மாவுக்குக் கடைசிக் கட்டம்னு சொல்லிட்டாங்க. திருப்பினா வலியில அழறாங்க. அப்பவும் திருப்பணுமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் மணிக்கணக்கைப் பார்க்க வேண்டாம். இப்போது முதல் நோக்கம் அவருக்கு வலி இல்லாமல் இருப்பது. அவருக்கு எப்படிப் படுத்தால் இதமாக இருக்கிறதோ அதற்கு முன்னுரிமை கொடுங்கள். ஆனால் முழுசாக விட்டுவிட்டால் புண்ணின் வலியும் சேர்ந்துகொள்ளும். முழுத் திருப்பலுக்குப் பதில் சின்னச் சின்ன அசைவுகள் செய்யுங்கள். தலையணையை ஒரு சாண் நகர்த்துவது, ஒரு காலை மடித்துவைப்பது, தலையை மறுபக்கம் சாய்ப்பது, இவ்வளவே போதும்.

திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால், வாய்வழி வலி மருந்து கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் திருப்புங்கள். எழுதிக்கொடுத்த மருந்து போதவில்லை என்றால் டாக்டரிடம் அளவை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உடம்பு துடைப்பது, விரிப்பு மாற்றுவது, திருப்புவது மூன்றையும் மருந்து வேலை செய்யும் அந்த நேரத்திலேயே சேர்த்து முடித்துவிட்டால், அவரைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது.